பல்லி அழைக்கிறது

கடைசியாக ஆவுடையப்பனை உயிரோடு பார்த்தபோது அவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒரு பல்லியை விரட்டிக்கொண்டிருந்தார். கையில் விளக்குமாறு. அதோ, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பச்சை ஜன்னல் தெரிகிறதே, அதன் வழியாகத்தான் பார்த்தேன். நான் இங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார். "வே, திருடனப் பாத்தீரா? வாலைப் போட்டுட்டு ஓடிட்டான்" என்று சிரித்தார். நான் பேப்பரைத் திருப்பினேன். அப்போது நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அதாவது நான் பேசுவதில்லை. அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். பையைப் பிறகு திறக்கலாம். உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் வந்ததும் வராததுமாகப் பையைத் திறந்து, பெட்டியை மேஜைமேல் வைத்து, "ஒயரே கிடையாது சார், சுவத்துல ஒரு ஓட்டை போட வேண்டாம் சார்" என்றுதான் ஆரம்பித்தார்கள். நான் சுவரைப் பற்றிக் கேட்கவே இல்லை.

சிவபாலன்தானே உங்களுக்குப் போன் செய்தான்? என் மகன். ஓசூரில் இருக்கிறான். பின்தெருவில் பட்டப்பகலில் ஒரு வீட்டுப் பூட்டை உடைத்து நகையை எடுத்துப் போய்விட்டார்கள். பெருமாள்புரத்தில் நடந்தது பெருமாள்புரத்தில் இருக்கிற எனக்குத் தெரிவதற்கு முன்னால் ஓசூருக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரே பேச்சு. "அப்பா, நான் தீபாவளிக்கு வாரதுக்குள்ள வீட்டுல அலாரம் மாட்டியிருக்கணும். இல்லன்னா வீட்ட வாடகைக்கு விட்டுட்டு உங்களக் கையோட கூட்டிட்டு வந்துருவேன்." சொன்னால் செய்வான். அவன் அம்மாவின் பிடிவாதம். எனக்கென்று ஒதுக்கிய அறைக்கு மருமகள் திரைச்சீலைகூடத் தைத்துவிட்டாளாம். நல்ல பெண். திரைச்சீலையில் யானைப் படம்.

ஓசூருக்கு நான் போக முடியாது. அங்கே சிக்னல் கிடைப்பதில்லை. அவன் வீடு லிஃப்டை ஒட்டி இருக்கிறது, போனைக் காதில் வைத்தால் கொர்ரென்று கேட்கும். எனக்கு இங்கே அடிக்கடி ஒரு போன் வரும். வந்தால் எழுந்துபோய்ப் பார்க்க வேண்டியிருக்கும். ஓசூரிலிருந்து எப்படிப் பார்ப்பது?

ஆகவே அலாரம் வாங்க வேண்டும். வாங்க மாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை. இவன்தான் மருமகளிடம் "அப்பா சாக்குச் சொல்லிட்டே இருக்காரு" என்கிறானாம். சாக்கு இல்லை. பொருளைத் தெரிந்துகொள்ளாமல் வாங்குகிற ஆள் நான் இல்லை. பள்ளிக்கூடப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தேன். ஆனால் எந்தப் பெட்டியோடு எந்தப் புத்தகம் வந்தாலும் அட்டையிலிருந்து அட்டைவரை படித்துவிடுவேன், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஆவுடையப்பன் வீட்டுப் பெட்டிக்கு வந்த புத்தகத்தையும் நான்தான் படித்தேன். அவர் கருவூலத்தில் வேலை பார்த்தவர், ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும். பொறுமைதான் கிடையாது. "வே, நீர் படிச்சுச் சொல்லும், நான் மாட்டுதேன்" என்பார். ஆகவே எனக்கு இது தெரியும். கதவில் ஒட்டுகிற காந்தம் தெரியும். மூலையில் மாட்டுகிற கண் தெரியும், ஆள் நடந்தால் உடம்புச் சூட்டை வைத்துக் கண்டுபிடிக்குமே, அந்த சென்சார். பெட்டிக்குள் சிம் போடுகிற இடம் தெரியும். எல்லாம் தெரியும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

ஒரு நிமிஷம். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது.

இல்லை. பப்பாளி மரத்தில் அணில்.

முதலில் வந்தவர் காமிரா வைத்த பெட்டியைக் கொண்டுவந்தார். வீட்டில் நடப்பதை மகன் ஓசூரிலிருந்து போனிலேயே பார்க்கலாமாம். நான் இட்லி தின்பதை அவன் ஆபீசில் உட்கார்ந்து பார்ப்பதற்கா? அடுத்தவர் கெட்டிக்காரர், நாய் பூனை ஓடினால் எங்கள் சென்சார் அடிக்காது என்றார். பல்லி ஓடினால் என்று கேட்டேன். சிரித்தார். "பல்லிக்கெல்லாம் யாரு சார் பயப்படுதா?" என்றார். நான் பயத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவரைக் காப்பி குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்கு அடுத்தவரிடம் நேராகவே கேட்டேன். தம்பி, உங்கள் பெட்டியில் பல்லிக்கு ஒரு சத்தம், மனுஷனுக்கு ஒரு சத்தம் என்று உண்டா? அவருக்குப் புரியவே இல்லை. "சத்தம் நல்லா பெரிசா இருக்கும் சார், தெருக்கோடி வரைக்கும் கேக்கும்" என்றார்.

பெரிய சத்தம் கேட்டால் போதுமா அம்மா? என்ன சத்தம் என்று தெரிய வேண்டாமா?

காப்பி ஆறுகிறது, குடியுங்கள். சர்க்கரை போதுமா? என் வீட்டுக்காரி கோமதி இருந்தவரை இந்த வீட்டில் காப்பி நன்றாக இருக்கும்.

ஆவுடையப்பன் வீட்டில் இதை மாட்டச் சொன்னது அவர் மகள் உலகம்மை. உலகு என்போம். மஸ்கட்டில் இருக்கிறாள். அவருக்கும் மனைவி இல்லை. கோமதிக்கு முன்னாலேயே அந்த அம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். பணத்தை அனுப்பிவிட்டு, தினமும் போன் போட்டு மாட்டியாச்சா, மாட்டியாச்சா என்று அரித்தாள். பெட்டி வந்தது. அதற்குள் போட ஒரு சிம் வேண்டும். திருடன் நுழைந்தால் சைரன் அடிப்பதோடு, நாம் கொடுத்த நம்பருக்கு அந்தப் பெட்டியே போன் செய்யும். சிம் வாங்க இரண்டு பேரும் ஜங்ஷனுக்குப் போனோம். கடைக்காரப் பெண் அவர் பெருவிரலை அந்தக் கண்ணாடியில் வைக்கச் சொன்னாள். வைத்தார். எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். எடுக்கவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. ஆயுள் முழுக்க நோட்டு எண்ணி எண்ணி ரேகையே தேய்ந்துவிட்டது மனுஷனுக்கு. "கவர்மெண்டு எனக்குக் குடுத்த பென்ஷன் பெருவிரல எடுத்துக்கிட்டு குடுத்ததுவே" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "தாத்தா, நீங்க வைங்க" என்றாள். நான் வைத்தேன். உடனே எடுத்தது. அப்படித்தான் அந்த சிம் என் பெயரில் இருக்கிறது. அவர் வீட்டுப் பெட்டி, அவர் வீட்டுக் கதவு. சிம் மட்டும் என் பெயர்.

பிறகு குரல் பதிய வேண்டும். போனை எடுத்தால் பெட்டி என்ன சொல்ல வேண்டுமோ அதை நாமே பேசிப் பதிய வேண்டும், ரொம்பச் சுருக்கமாக. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். இதே மேஜைதான். முதல் தடவை "வணக்கம், நான் ஆவுடையப்பன் பேசுதேன்" என்று ஆரம்பித்தார், அதிலேயே நேரம் முடிந்துபோயிற்று. "வே, திருடன் உமக்கு வணக்கம் முடியுத வரைக்கும் காத்திருப்பானா?" என்றேன். அடுத்த தடவை நடுவில் காக்கா கத்தியது. அதற்கடுத்த தடவை அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒருவழியாகப் பதிந்தோம். "ஆவுடையப்பன் வீட்டுல இருந்து பேசுதேன். வீட்டுக்குள்ள ஆள் இருக்கு. உடனே வாங்க."

எனக்கு அது பிடிக்கவில்லை. அப்போதே சொன்னேன். "ஆள் இருக்குன்னா விருந்தாளி வந்த மாதிரில்லா இருக்கு. திருடன்னு சொல்லும்வே."

"திருடன்னு எப்படித் தெரியும்? வந்து பாத்தாத்தான தெரியும்?"

"அது என்ன 'வாங்க'? என்னைய என்னைக்கு வாங்கன்னு கூப்பிட்டீரு?"

"ரெண்டாவது நம்பர் உலகுதுல்லா. அவகிட்ட வாரும்னு சொல்ல முடியுமா? எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும்வே."

பொது. அதைத்தான் நான் சொல்ல வருகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் அவர் என்னை "வே" என்றுதான் கூப்பிட்டார். வாரும், போம், இரும். வேறு மாதிரி கூப்பிட்டதே இல்லை. "வாங்க" என்றால் அது எனக்கு அல்ல. என் காதுக்கு அது வேறு யாரையோ கூப்பிடுவது போலத்தான் கேட்கும். இப்போதும் அப்படித்தான்.

முதல் நம்பர் என்னுடையது. மகளுடையதை இரண்டாவதாகத்தான் போட்டார். "மஸ்கட்ல இருந்து அவ எப்படி வருவா? நீர் சுவரைத் தாண்டுனாப் போதும்" என்றார்.

பல்லி எந்த வழியாக வந்தது என்று தெரியவில்லை. கூடத்து மூலையில் சென்சாரை மாட்டினோமா, அது வெதுவெதுப்பாக இருந்ததோ என்னவோ, அங்கேயே குடிவந்துவிட்டது. கண்ணுக்கு முன்னால் அது ஓடினால் போதும், சைரன் அலறும். எனக்குப் போன் வரும். அவர் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போயிருப்பார். நான் சாவியை எடுத்துக்கொண்டு, ஒரு கம்பையும் எடுத்துக்கொண்டு ஓடுவேன். கதவைத் திறந்தால் பல்லி சுவரில் தலையைத் தூக்கி என்னைப் பார்க்கும். அணைத்துவிட்டு வருவேன். திரும்பவும் அடிக்கும். பல்லி சொன்னால் எந்தத் திசை, என்ன பலன் என்று பார்க்கிற ஊர் இது. போன் போட்டுச் சொல்கிற பல்லி இந்த ஒன்றுதான். எதிர்வீட்டுப் பொன்னுத்தாய் மாடியில் துணி காயப்போட்டபடியே "பல்லி வந்துட்டு!" என்று கத்துவாள். அப்புறம் தெருவே அப்படிச் சொல்ல ஆரம்பித்தது. சைரன் அடித்தால் பிள்ளைகள் விளையாட்டைக்கூட நிறுத்துவதில்லை. என் போனில் அந்த நம்பருக்கு ஆவுடையப்பன் என்று பெயர் போட்டிருந்தேன். அவரே பார்த்துவிட்டு, "எம்பேரை எதுக்குவே கெடுக்கீரு? பல்லின்னு போடும்" என்றார். போட்டேன். அவர் சொல்லித்தான் போட்டேன்.

சென்சாரை இடம் மாற்றும் என்று சொன்னேன். புத்தகத்தில் போட்டிருக்கிறது, கீழே நாலு விரற்கடை இறக்கி வைக்கலாம் என்று. "பல்லிக்குப் பயந்து நான் இடம் மாத்தணுமா? அது மாறட்டும்" என்றார். பிடிவாதம் என் மகனுக்கு மட்டும் சொந்தம் இல்லை.

சாவி விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம், என் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம். இந்த வீடுகள் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். வெளியூர் போனால் கேஸ் மூடினோமா என்று பார்க்க, செடிக்குத் தண்ணீர் ஊற்ற. இதோ, இந்த ஆணியில்தான் அவர் சாவி தொங்கும். அலாரம் கம்பெனிக்காரன் சர்வீசுக்கு வந்தவன் அவரிடம் என்னத்தையோ சொல்லியிருக்கிறான். சாவி வெளியே ஓர் இடத்தில் இருந்தால் அலாரம் மாட்டி என்ன பிரயோஜனம் என்று. மறுநாள் காலையில் வந்து நின்றார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"வே, தப்பா நினைக்காதேயும். அந்தச் சாவி..."

"எந்தச் சாவி?"

"நம்ம வீட்டுச் சாவி."

எடுத்துக் கொடுத்தேன். கையில்கூடக் கொடுக்கவில்லை, மேஜையில் வைத்தேன். "என் சாவியையும் தந்துரும்" என்றேன்.

"உம்ம சாவி எதுக்குவே? நீர்தான் அலாரம் மாட்டலையே."

"எம் பொருளு எங்கிட்ட இருக்கட்டும்."

"சரி, தேடித் தாரேன்" என்று போனார். தேடித் தரவே இல்லை. கேட்கும்போதெல்லாம் "எங்கயோ வச்சுட்டேன்வே." நான் பேச்சை நிறுத்திவிட்டேன். நீங்களே சொல்லுங்கள் அம்மா, இவ்வளவு காலம் திருடாதவன் பெட்டி மாட்டிய பிறகா திருடப்போகிறேன்?

கோமதி விழுந்த அன்றைக்கு யாருக்கு என்ன பெட்டி இருந்தது? அடுப்படியில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அவள் கீழே கிடக்கிறாள். பின்வாசலில் நின்று "வே!" என்று ஒரு சத்தம் போட்டேன். ஒரே சத்தம். என்ன ஏது என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை. ஒற்றைக்கால் செருப்போடு சுவரைத் தாண்டிக் குதித்து வந்தார் மனுஷன். அப்போதே அவருக்கு அறுபத்தைந்துக்கு மேல். இன்னொரு செருப்பு சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டோவில் அவள் தலையை அவர் மடியில்தான் வைத்திருந்தோம். அவள் பிழைக்கவில்லை. ஆனால் அவர் வந்தார். கூப்பிட்டால் வந்தார். நான் கூப்பிட்ட மாதிரி கூப்பிட்டேன், அவர் வந்தார்.

அதுதான் என் வருத்தமே.

அன்று காலையில் பல்லியை விரட்டினார் என்று சொன்னேன் அல்லவா. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் இப்படிச் சாய்ந்திருந்தேன். சைரன் அடித்தது. மாடியிலிருந்து பொன்னுத்தாய், "பல்லி வந்துட்டு!" என்றாள். எல்லாரும் கேட்டார்கள். போன் வந்தது. பல்லி என்று வந்தது. பல்லி என்று வந்தால் யார்தான் எடுப்பார்கள்? காலையில்தானே விரட்டினார், அது திரும்பி வந்திருக்கும். தானே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது. மறுபடி போன். உலகுக்கும்தான் போயிருக்கிறது. அவளும்தான் எடுக்கவில்லை. அவளை யாரும் கேட்பதில்லை. மூன்றாவது தடவை சைரன் அடித்தபோது பொன்னுத்தாய்கூட ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கே அலுத்துவிட்டது.

அந்த ரிமோட்டில் ஒரு பட்டன் உண்டு, சிவப்பு. உங்களுக்குத் தெரியாதா என்ன. ஆபத்து என்றால் அழுத்துவது. அதை அழுத்தினாலும் அதே சைரன், அதே போன், அதே பேச்சு. ஆள் இருக்கு, உடனே வாங்க. பல்லி ஓடினாலும் அதேதான். புத்தகத்தில் எங்கோ கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. நான் அதைப் படித்துத்தான் இருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரமாகியும் அவர் வீட்டில் விளக்கு எரியவில்லை. அதை முதலில் பார்த்தவன் நான். அதை யாரும் சொல்வதில்லை. சுவரைத் தாண்டினேன். இந்த வயசில் தாண்டினேன், முழங்கால் பெயர்ந்துபோயிற்று. கதவு உள்ளே பூட்டியிருந்தது. என்னிடம் சாவி இல்லை. சாவி இருந்திருந்தால் திறந்திருப்பேன். எல்லாருமாகச் சேர்ந்து அடுப்படிக் கதவை உடைத்தார்கள். உடைத்ததும் சைரன் அடித்தது. ஸ்டூல் பக்கத்தில் கிடந்தார். கையில் ரிமோட். அவர் எப்போதும் ரிமோட்டைக் கையில்தான் வைத்திருப்பார், அதில் ஒன்றும் இல்லை. டாக்டர் இதயம் என்று சொன்னார். எத்தனை மணிக்கு என்று பொன்னுத்தாயின் மகன் கேட்டான். தேவையில்லாத கேள்வி. டாக்டர் ஏதோ சொன்னார், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

அந்த ரிமோட் மாட்டியிருந்த வளையத்தில் இன்னொரு சாவியும் இருந்தது. என் வீட்டுச் சாவி. எங்கயோ வச்சுட்டேன் என்றாரே! கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்துகொண்டே தேடித் தாரேன் என்றிருக்கிறார். எப்பேர்ப்பட்ட ஆள் பாருங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான் அம்மா. எனக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது இந்தச் சுவர்தான். எழுந்து நின்றால் தலை தெரிகிற சுவர். "வே" என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். ஒரு எழுத்து. மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது. அப்படிக் கூப்பிட்டு நான் என்றைக்காவது திரும்பாமல் இருந்திருக்கிறேனா? பட்டனை அழுத்தினால் எனக்கு எப்படித் தெரியும்?

அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. அதுதான் நடந்தது.

இருங்கள், போன். இல்லை இல்லை, நீங்கள் உட்காருங்கள். பார்த்தீர்களா, பல்லிதான். நீங்களும் கேளுங்கள், ஸ்பீக்கரில் போடுகிறேன்.

கேட்டதா? நன்றாகப் பதிந்திருக்கிறது இல்லையா? காக்கா இல்லாமல் முழுசாக ஒரே ஒரு தடவைதான் வந்தது. கடைசியில் 'வாங்க' சொல்லும்போது லேசாக ஒரு சிரிப்பு இருக்கும், கவனித்தீர்களா? பதியும்போது நான் எதிரே இருந்து கண்ணைச் சிமிட்டிவிட்டேன், அதனால். கொஞ்சம் இருங்கள், சுவர் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

ஒன்றும் இல்லை. பல்லிதான். வால் முளைத்துவிட்டது அதற்கு.

ஆமாம், அவர் குரல்தான். ஏன் முகம் அப்படிப் போகிறது? பெட்டி இன்னும் மாட்டின இடத்தில்தான் இருக்கிறது. காரியத்துக்கு வந்திருந்தபோது உலகுவின் வீட்டுக்காரர் சைரன் ஒயரை மட்டும் பிடுங்கிப் போட்டார், தலைவலி என்று. பெட்டி உள்ளே அலமாரிக்குப் பின்னால் இருப்பது அவருக்குத் தெரியாது. காரியம் முடிந்து உலகு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது, "மாமா, மெயினை அணைக்க வேண்டாம், சாமி ரூம்ல சின்ன பல்பு எரியட்டும். வீடு இருட்டா கெடக்கக் கூடாது" என்றாள். கரண்ட் இருக்கிறது, ஆகவே பெட்டி வேலை செய்கிறது. சாவியையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள். பழைய ஆணியில்தான் தொங்குகிறது, பாருங்கள். உள்ளே போய் அணைக்கலாமே என்கிறீர்களா? அணைக்கலாம். பெட்டி அவளுடையது, அவளைக் கேட்காமல் எப்படி அணைப்பது? அவளிடம் கேட்க இன்னும் சமயம் வாய்க்கவில்லை.

சிம்மா? ரீசார்ஜ் செய்யாமல் அது எப்படி ஓடும்? செய்கிறேன். என் பெயரில் இருக்கிற சிம் அம்மா, நாளைக்கு அந்த நம்பரை வேறு யாருக்காவது கொடுத்து, அவன் ஏதாவது தப்புத்தண்டா செய்தால் யார் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது? அதற்காகத்தான். இப்போதெல்லாம் போன் வந்தால் உடனே எடுத்துவிடுகிறேன். எவ்வளவு வேலையாக இருந்தாலும் எடுத்துவிடுவேன். குளிக்கும்போதுகூட போனை ஜன்னலில் வைத்துக்கொண்டுதான் குளிக்கிறேன். போய்ப் பார்ப்பேன். பல்லியாகத்தான் இருக்கும். இருந்தாலும் போய்ப் பார்ப்பேன். இந்த வேலையை விட்டுவிட்டு ஓசூரில் யானைப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியுமா?

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம். அதே கேள்விதான். பல்லிக்கு ஒன்று, மனுஷனுக்கு ஒன்று என்று உண்டா?

என்ன? இன்னொரு தடவை சொல்லுங்கள்.

சென்சார் அடித்தால் ஒரு பேச்சு, பட்டனை அழுத்தினால் வேறு பேச்சு. இரண்டையும் தனித்தனியாகப் பதியலாம். நிஜமாகவா? சைரனும் வேறு வேறா? அடடா. இதை வந்தவுடனே சொல்ல வேண்டாமா நீங்கள்? இவ்வளவு நேரம் என்னைப் பேசவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்களே. இது எப்போதிலிருந்து வருகிறது? போன வருஷமே வந்துவிட்டதா?

போன வருஷமே, அவர் உயிரோடு இருக்கும்போதே இருந்திருக்கிறது.

சரி. திறங்கள், பையைத் திறங்கள். இதையே எடுத்துக்கொள்கிறேன். சிவபாலனுக்கு நானே போன் செய்து சொல்லிவிடுகிறேன். திரைச்சீலையைப் பிள்ளைகள் அறையில் மாட்டிக்கொள்ளட்டும். கண்ணை அந்த மூலையில் வேண்டாம், கொஞ்சம் இறக்கியே வையுங்கள். பதிவதை இப்போதே பதிந்துவிடலாமா? சென்சாருக்கு நீங்கள் வழக்கமாக என்ன பதிவீர்களோ அதைப் பதிந்துகொள்ளுங்கள், எனக்கு அக்கறை இல்லை. பட்டனுக்கு நான் பேசுகிறேன். ஃபேனை நிறுத்துங்கள். வெளியே காக்கா இருக்கிறதா பாருங்கள்.

வே!

போதும். அவ்வளவுதான். பெயரும் விலாசமும் எதற்கு? கூப்பிட்டால் யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாதா?

நம்பரா? எழுதிக்கொள்ளுங்கள். சிவபாலன் நம்பரை இரண்டாவதாகப் போடுங்கள். ஓசூரிலிருந்து அவன் எப்படி வருவான்? முதல் நம்பர் பக்கத்தில் இருக்கிற ஆளாக இருக்க வேண்டும் என்று நீங்கள்தானே இப்போது சொன்னீர்கள்? பக்கத்து வீட்டு நம்பர்தான். சுவரைத் தாண்டினால் போதும். இதோ என் போனிலேயே இருக்கிறது, பார்த்து எழுதுங்கள். பல்லி என்று இருக்கும்.

ஏன் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்? ரிங் போகிற நம்பர்தான். பொங்கல் வரைக்கும் வேலிடிட்டி இருக்கிறது.